கடவுச்சீட்டைப் பார்த்து மொழியை அளக்கிறார்கள்

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர் ஆங்கிலத் தேர்வு எழுதத்தான் வேண்டும், அதில் என்ன தப்பு என்று கேட்காதவர் குறைவு. கல்வி ஆலோசகர் கேட்கிறார், சேர்க்கை அலுவலர் கேட்கிறார், பிள்ளையை அனுப்பத் தயாராகும் அப்பாவும் கேட்கிறார். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. மொழி புரியாமல் வகுப்பில் உட்கார்ந்து என்ன பயன்? தேர்வு எல்லாருக்கும் பொது. தெரிந்தவர் தேறிவிடுவார், தெரியாதவர் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வரட்டும். இதுதான் வாதம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது: விதி எல்லாருக்கும் ஒன்று, தேர்வு அளப்பது மொழியறிவை, தேர்வை எடுத்துவிட்டால் தரம் கெட்டுவிடும். உலகிலேயே அதிக வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்கும் நாடுகளில் ஒன்றான பிரிட்டனின் நடைமுறையை அருகில் சென்று பார்த்தால் இந்த மூன்றுமே நிலைக்கவில்லை என்பது தெரியும்.

முதல் நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம். பிரிட்டன் உள்துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று அதற்குப் பெயர். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, ஜமைக்கா, டிரினிடாட், கயானா, மால்டா என்று அது நீளும். இந்த நாடுகளின் குடிமக்கள் மாணவர் விசாவுக்குத் தங்கள் ஆங்கிலத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். இந்தியா, இலங்கை, நைஜீரியா, கானா, கென்யா, சிங்கப்பூர் ஆகிய எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதன் விளைவு என்ன? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெரும்பாலோரின் தாய்மொழி பிரெஞ்சு. அங்கே பள்ளியிலும் வீட்டிலும் பிரெஞ்சிலேயே வளர்ந்த ஒருவருக்கு, கனடியக் கடவுச்சீட்டு இருப்பதால், விசா விதி ஒரு கேள்வியும் கேட்காது. மால்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் மக்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது மால்டிய மொழி. அவர்களிடமும் கேள்வி கிடையாது. மழலையர் வகுப்பிலிருந்து முதுகலை வரை ஆங்கிலத்திலேயே படித்த லாகோஸ் பெண்ணும் கொழும்பு இளைஞரும் மட்டும் நிரூபிக்க வேண்டும்.

நைஜீரியர்கள் இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. 2021இல் அங்கே இளைஞர் அமைப்பு ஒன்று ஐஇஎல்டிஎஸ் எனும் ஆங்கிலத் தேர்வு குறித்த கொள்கையைத் திருத்தக் கோரி இயக்கம் தொடங்கியது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அந்நாட்டின் ஆட்சிமொழி ஆங்கிலம். பல்கலைக்கழகங்களில் பாடமொழியும் அதுதான். மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வுக் குழுவின் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் உரிய மதிப்பெண் பெறாதவருக்குச் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைப்பது கடினம். 1986இல் இலக்கிய நோபல் பெற்ற வோலே சோயிங்கா எழுதியது ஆங்கிலத்தில். இவ்வளவையும் எடுத்துச் சொன்னவர்களுக்குப் பிரிட்டன் உள்துறை தந்த பதில், நைஜீரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆங்கிலத்தை முதல்மொழியாகப் பேசுகிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது.

இந்தப் பதிலில்தான் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. விண்ணப்பிக்கும் மாணவிக்கு ஆங்கிலம் வருமா என்பது கேள்வி. பதிலோ, அவர் நாட்டு மக்களில் எத்தனை விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்பதைப் பற்றியது. பக்கத்துத் தெருக்காரர் சந்தையில் என்ன மொழியில் பேரம் பேசுகிறார் என்பதற்கும் இந்த மாணவி பொருளியல் கட்டுரையை எந்த மொழியில் எழுதுவார் என்பதற்கும் தொடர்பில்லை. அந்த அளவுகோலையாவது ஒழுங்காகப் பின்பற்றினார்களா என்றால், மால்டா இடம்பெற்ற பட்டியலில் அதுவும் நடக்கவில்லை.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 முதல் அங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம்தான் பாடமொழி. தமிழ்ப் பிள்ளைகள் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். கணிதமும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்தில். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. 2022இல் பீசா ஆய்வுக்காக உலகெங்கும் பதினைந்து வயதினரின் வாசிப்புத் திறனைச் சோதித்தபோது சிங்கப்பூர் 543 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது. அந்தப் பிள்ளைகள் தேர்வு எழுதியது ஆங்கிலத்தில். பிரிட்டன் பெற்றது 494. ஆங்கிலத்தில் வாசித்து உலகிலேயே முதலிடம் பெற்ற பிள்ளைகளின் நாட்டுக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டியலில் இடமில்லை.

மொழியைக் காட்டி ஆட்களைப் பிரிப்பதற்கு ஒரு பழைய மரபு உண்டு. 1897இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றம், வரவிரும்புவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பத்தைத் தம் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் போட்டது. சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் சொந்தச் செலவில் கப்பலேறி வரும் இந்திய வணிகர்களைத் தடுக்கத்தான் அது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்று நேட்டாலில் வழக்கறிஞராக இருந்த காந்தி அதை எதிர்த்தார். 1860 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் சந்ததியினர் நிறைந்த மண் அது. பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் அமைச்சர் ஜோசப் சேம்பர்லைன் அதே ஆண்டில் இந்த வழியை மற்றக் குடியேற்றங்களுக்கும் பரிந்துரைத்தார். ஆஸ்திரேலியா 1901இல் அதை இன்னும் கூர்மையாக்கியது: ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல் பத்தி ஒன்றை அதிகாரி வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1909க்குப் பிறகு அதில் ஒருவர்கூடத் தேறவில்லை. பல மொழி அறிந்த செக் எழுத்தாளர் எகோன் கிஷ் 1934இல் வந்தபோது அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள். 1958 வரை அந்தச் சோதனை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இன்றைய தேர்வை நடத்துபவர்களுக்கு அந்த நோக்கம் இருப்பதாகச் சொல்வது அநியாயம். மாணவர்கள் வர வேண்டும் என்றுதான் பல்கலைக்கழகங்கள் விரும்புகின்றன. ஆனாலும் மொழித் தேர்வு என்றாலே அது நடுநிலையானது என்று வாதிடுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டிப் போக முடியாது. நேட்டால் சட்டம் நாட்டின் பெயர் சொல்லாமல் ஆட்களைப் பிரித்தது. இன்றைய பட்டியல் நாட்டின் பெயர் சொல்லியே பிரிக்கிறது.

இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். தேர்வு அளப்பது மொழியறிவை என்கிறார்கள். 1989 முதல் இப்பெயரில் நடக்கும் ஐஇஎல்டிஎஸ் ஒரு வகையில் கவனமாக அமைக்கப்பட்ட தேர்வுதான். கேட்டல் அரை மணி நேரம், வாசிப்பு ஒரு மணி, எழுத்து ஒரு மணி, பேச்சு பதினொன்று முதல் பதினான்கு நிமிடம். பேச்சுத் தேர்வில் தேர்வாளர் ஓர் அட்டையைக் கொடுப்பார். குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் தந்து ஒரு நிமிடம் அவகாசம். பிறகு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். எதிரே இருப்பவர் ஒருவர்தான். மதிப்பெண் போடுபவரும் அவர்தான்.

அந்தப் பதினான்கு நிமிடத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பிரிவுகளின் சராசரியை அருகிலுள்ள அரைப் புள்ளிக்கு முழுமையாக்குகிறார்கள். கேட்டலில் 6.5, வாசிப்பில் 6.5, எழுத்தில் 6, பேச்சில் 6 வாங்கியவருக்குச் சராசரி 6.25. அது 6.5 ஆகிறது. மற்ற மூன்றிலும் இதே மதிப்பெண் பெற்று, பேச்சில் மட்டும் 5.5 வாங்கியவருக்குச் சராசரி 6.125. அது 6 ஆகிவிடுகிறது. பல முதுகலைப் படிப்புகள் கேட்பது 6.5. முதலாமவருக்கு இடம், இரண்டாமவருக்கு இல்லை. அறிமுகமில்லாத ஒருவர் முன்னால் அன்று நாக்கு கொஞ்சம் தயங்கியதுதான் இருவருக்கும் இடையிலான வேறுபாடு. மறுமதிப்பீடு கேட்கலாம், அதற்கும் முதலில் பணம் கட்ட வேண்டும், மதிப்பெண் மாறினால்தான் திரும்பக் கிடைக்கும்.

இந்தியாவில் தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஒரு முறை தேர்வெழுத ஐம்பது நாள் கூலி போதாது. நைஜீரிய இயக்கம் தொடங்கியபோது அங்கே மாதக் குறைந்தபட்ச ஊதியம் 30,000 நைரா. தேர்வுக் கட்டணம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பயிற்சி மையத்துக்குக் கட்டுவது இதில் சேராது. அரைப் புள்ளி குறைந்தால் வசதியுள்ளவர் அடுத்த மாதமே மறுபடி எழுதுகிறார், மூன்றாம் முறையும் எழுதுகிறார். கடன் வாங்கி எழுதியவர் அதோடு நின்றுவிடுகிறார். கடைசியில் மதிப்பெண் பட்டியலில் பதிவாவது மொழியறிவும் பணமும் கலந்த ஒன்று.

பணம் இன்னொரு வாசலையும் திறக்கிறது. அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ குறைந்தவர்களுக்காகப் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் படிப்பு தொடங்கும் முன் சில வாரங்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகின்றன. கட்டணம் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான பவுண்டுகளில். அதை முடித்தால் மறுபடி ஐஇஎல்டிஎஸ் எழுதாமலே உள்ளே போய்விடலாம். இந்த வகுப்புகள் மோசமானவை என்று சொல்வதற்கில்லை; நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் தாண்டவே முடியாத எல்லை என்று விண்ணப்பப் படிவம் சொன்ன மதிப்பெண், கட்டணம் கட்ட முடிந்தவருக்கு வளைந்து கொடுக்கிறது.

முடிவுகள் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்ற விதியையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயன்படுத்தாத மொழி மங்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். தேர்வெழுதிவிட்டுச் சென்னையிலோ பெங்களூரிலோ மூன்றாண்டு அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவருக்கு எப்படி மங்கும்? அவருடைய பட்டம் காலாவதி ஆவதில்லை. ஆங்கிலச் சான்று மட்டும் காலாவதி ஆகிறது, மறுபடி கட்டணம் கட்டச் சொல்கிறது. இது சிறு வணிகமும் அல்ல. ஐஇஎல்டிஎஸ்ஸின் உரிமையாளர்கள் மூவர்: பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி நிறுவனம், கேம்பிரிட்ஜ். இந்தியாவில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்திவந்த தேர்வுப் பணியை மட்டும் ஐடிபி 2021இல் வாங்கியபோது கொடுத்த விலை 13 கோடி பவுண்டு. மாணவர்களைப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிடும் முகவர் தொழிலையும் அதே நிறுவனம் செய்கிறது. நுழைவாயிலை நடத்துபவரும் உள்ளே அழைத்துச் செல்பவரும் ஒருவராக இருக்கும் ஏற்பாட்டை நடுநிலை என்று சொல்ல யாருக்கும் மனம் வரக் கூடாது.

மூன்றாவது நம்பிக்கைதான் வலுவானது. நல்லெண்ணம் உள்ளவர்களும் அதில் நிற்கிறார்கள். தேர்வை எடுத்துவிட்டால் பாடம் புரியாத மாணவர்கள் நிறைந்துவிடுவார்கள், விரிவுரையாளர் திணறுவார், மாணவரும் தோற்று ஊர் திரும்புவார், போலிகளும் புகுந்துவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். வகுப்பில் மொழி புரியாமல் தவிக்கும் மாணவர்கள் உண்டு. அதைப் பொய் என்று சொல்லும் மறுப்பு நேர்மையானதாக இருக்காது. ஆனால் இன்று தவிக்கும் அந்த மாணவர்களில் பெரும்பாலோர் தேர்வு எழுதித்தான் உள்ளே வந்தார்கள். தேர்வு இருந்தும் இருக்கும் ஒரு சிக்கலைக் காட்டி, தேர்வுதான் அதைத் தடுக்கிறது என்று வாதிட முடியாது. வார்ப்புரு கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் பயிற்சி மையங்கள் ஊர் ஊராக முளைத்திருப்பது எதற்கு என்று யோசித்தாலே இது விளங்கும். 250 சொல் கட்டுரையை நாற்பது நிமிடத்தில் முடிக்கப் பழகியவர், 4,000 சொல் ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் காட்டவும் வாதம் அடுக்கவும் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதைத் தேர்வு சோதிப்பதே இல்லை.

போலிகளைத் தடுக்கத் தேர்வு வேண்டும் என்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டை நினைவூட்டலாம். விசாவுக்காக அமெரிக்காவின் இடிஎஸ் நிறுவனம் நடத்திய டோயிக் தேர்வில், லண்டனில் சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதை பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி காட்டியது. மோசடி உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது கொடுமை. 2011க்கும் 2014க்கும் இடையில் பிரிட்டனில் எழுதப்பட்ட ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகளைக் குரல் ஒப்பீட்டில் ஆராய்ந்த இடிஎஸ், 97 விழுக்காட்டை ஐயத்துக்குரியவை என்றது. ஏறத்தாழ முப்பத்து நாலாயிரம் முடிவுகள் செல்லாதவை, இன்னும் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் கேள்விக்குரியவை. உள்துறை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு விசாக்களை ரத்து செய்தது. பாதிக்கப்பட்டவர்களில் இந்தியர், வங்கதேசத்தவர், பாகிஸ்தானியர் ஏராளம். படிப்பு பாதியில் நின்றது, கட்டிய பணம் போனது, ஏமாற்றுக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2019இல் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, குற்றமற்றவர்களைக் காப்பதில் உள்துறை உரிய அக்கறை காட்டவில்லை என்று குறை சொன்னது. மேல்முறையீடு செய்தவர்கள் 12,500 பேர் அளவில். அவர்களில் 3,600 பேர் வென்றார்கள். ஒரு தனியார் தேர்வின் முடிவை ஒரு மனிதரின் நேர்மைக்கே சான்றாக ஆக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

தேர்வு இல்லாமல் முடியாது என்ற வாதத்தை உடைத்தவை பல்கலைக்கழகங்களே. 2020இல் பெருந்தொற்றால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது அவை சேர்க்கையை நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து கணினியில் ஒரு மணி நேரத்தில் எழுதும் டுவோலிங்கோ தேர்வை ஏற்றன, டோஃபல் ஆங்கிலத் தேர்வின் வீட்டுப் பதிப்பை ஏற்றன, பழைய மதிப்பெண் பட்டியல்களை ஏற்றன. அதற்கு முன்பே, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ வாங்கிய இந்திய மாணவர்களுக்குப் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்டிஎஸ் விலக்கு தந்துவந்தன. கல்லூரி தரும் எம்ஓஐ சான்றிதழை, அதாவது பாடமொழி ஆங்கிலம் என்ற கடிதத்தை ஏற்பவையும் உண்டு. விதியிலும் இதற்கு இடமிருக்கிறது: நம்பகமான பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு மாணவரின் ஆங்கிலத்தைத் தானே மதிப்பிடலாம் என்று உள்துறையே அனுமதித்திருக்கிறது. ஆக, குறிப்பிட்ட தேர்வுதான் வேண்டும் என்பது சட்டத்தின் கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அது பழக்கம்.

இந்த விலக்குகளிலும் ஒழுங்கு வேண்டும். இப்போது ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும் மாநில வாரியத்தை அடுத்தது ஏற்பதில்லை. பஞ்சாப், ஹரியானா, குஜராத் வாரியங்களைச் சில இடங்களில் தனியே ஒதுக்குகிறார்கள். முழு வாரியத்தையே ஐயப்படுவதும், முழு நாட்டையே ஐயப்படுவதும் ஒரே தவறுதான். தமிழ்நாட்டில் 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்கியது. அவற்றை விட்டால் பொறியியல் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இலங்கையில் யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்கள் உட்பட எங்கும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான். நான்கைந்து ஆண்டுகள் அந்த மொழியில் தேர்வெழுதித் தேறியதற்குக் கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. கேட்க வேண்டியது அதைத்தான். தமிழ்வழியில் படித்தவரை விலக்க வேண்டும் என்பதும் இதன் பொருளல்ல. அவருக்குத் தேர்வு ஒரு வழியாக இருக்கட்டும், ஒரே வழியாக இருக்க வேண்டாம்.

உள்ளே வந்த பிறகு உதவுவதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் ஒரு வழி காட்டியிருக்கிறது. டெல்னா என்ற பெயரில் அங்கே ஒரு மொழிச் சோதனை நடக்கிறது. முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் அதை எழுதுகிறார்கள். ஆக்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவரும் எழுதுகிறார், வெளிநாட்டிலிருந்து வந்தவரும் எழுதுகிறார். முடிவை வைத்து யாரையும் வெளியேற்றுவதில்லை. எழுதுவதில் தடுமாறுபவருக்கு எழுத்துப் பயிற்சி, கேட்பதில் தடுமாறுபவருக்கு அதற்கான உதவி என்று வழிகாட்டுகிறார்கள். கல்விமொழி எல்லாருக்கும் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்று என்ற உண்மையை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

லட்சக்கணக்கான விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது, ஒற்றை எண் இருந்தால் வசதி என்று சேர்க்கை அலுவலகங்கள் சொல்லும். அவை இப்போதே ஒவ்வொரு மதிப்பெண் பட்டியலையும், பரிந்துரைக் கடிதத்தையும், நோக்கக் கட்டுரையையும் பார்த்துத்தான் இடம் தருகின்றன. பாடமொழி என்ன என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியும். ஐயம் இருந்தால் பத்து நிமிடக் காணொளிப் பேச்சில் தீர்ந்துவிடும்; அந்தத் துறைப் பேராசிரியரே பேசினால் இன்னும் நல்லது. 2022-23இல் பிரிட்டனில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல். உள்நாட்டு மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டி அங்கே உயர்கல்வியைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய விண்ணப்பத்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்குவது பெரிய சலுகை ஆகாது.

பல்கலைக்கழகங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐஇஎல்டிஎஸ் விலக்கு பெற்று வந்த மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றின் வகுப்புகளில் படித்து முடித்திருக்கிறார்கள். தேர்வு எழுதி வந்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் எப்படித் தேறினார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள் என்ற கணக்கு ஒவ்வொரு பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கிறது. அடுத்த சேர்க்கைக்கு முன் அதை வெளியிடட்டும். கடவுச்சீட்டு நாட்டை வைத்துக் கேட்கும் கேள்வியைப் படிவத்திலிருந்து நீக்கிவிட்டு, எந்த மொழியில், எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்ற கேள்வியை அங்கே வைக்கட்டும். தேர்வு கட்டாயம் என்று இன்னமும் கருதும் துறைகள், இடம் கொடுத்த மாணவருக்கு அந்தக் கட்டணத்தைக் கல்விக் கட்டணத்தில் கழித்துக்கொடுக்கட்டும்.